எம்எல்ஏவால் காவல் நிலையத்துக்கு உத்தரவு போட முடியுமா?

பட்டப்பகலில் ஒரு கொலை நடக்கிறது. அல்லது பள்ளி வாசலில் லாரி மோதி ஒரு பிள்ளை இறந்துபோகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் சாலை மறியல். கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "எம்எல்ஏ எங்கே?" அவர் வருகிறார், கைபேசியில் யாரிடமோ பேசுகிறார், "நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்" என்கிறார். மறியல் கலைகிறது. இரண்டு நாள் கழித்து நிருபர்கள் கேட்டால் அதே எம்எல்ஏ, "போலீஸ் என் கையில் இல்லையே" என்பார்.

இந்த இரண்டில் எது உண்மை? சட்டப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் அதைச் சொல்லி அவர் நழுவிவிடவும் முடியாது. காவல் துறைக்கு அவர் மேலதிகாரி அல்ல. அதே நேரத்தில், அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்குவதும், அது நடைமுறைப்படுத்தும் சட்டங்களில் பலவற்றை இயற்றுவதும், அதற்குப் பொறுப்பான அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைப்பதும் அவர் உட்கார்ந்திருக்கும் அவைதான். அவருடைய அதிகாரம் தொலைபேசியில் இல்லை, அவையில் இருக்கிறது. குழப்பம் தீர இந்த ஒரு வித்தியாசம் பிடிபட வேண்டும்.

எது யாருடைய வேலை

அரசமைப்புச் சட்டத்தின் 7ஆவது அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது.

1. மாநிலப் பட்டியல். இதில் முதல் இனமே பொது ஒழுங்குதான். இரண்டாவது காவல் துறை. சிறை, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், மதுபானம் எல்லாம் இதே பட்டியலில் வருகின்றன.

2. பொதுப் பட்டியல். ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றலாம். குற்றவியல் சட்டம், குற்றவியல் நடைமுறை, மோட்டார் வாகனங்கள் ஆகியவை இங்கே. இரண்டு சட்டமும் மோதினால் பொதுவாக ஒன்றியத்தின் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மட்டும் மாநிலத்தின் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாகும். 254ஆவது பிரிவு சொல்வது இதைத்தான்.

3. ஒன்றியப் பட்டியல். தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே போன்றவை.

ஏட்டளவில் வறட்சியாகத் தெரியும் இந்தப் பிரிவினைதான் தினமும் செய்தியாகிறது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டத் தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று, மாநிலம் 1998இல் தானே இயற்றிய, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டத்துக்கான திருத்தம். மற்றொன்று, ஒன்றியத்தின் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கும் (குற்றங்களும் தண்டனைகளும்) பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுக்கும் (குற்றவியல் நடைமுறை) தமிழ்நாட்டளவில் கொண்டுவந்த திருத்தம். ஒரே நோக்கம், ஒரே நாள் விவாதம். ஆனால் பாதை வேறு. ஒன்றியச் சட்டத்தில் கைவைக்கும் இரண்டாவதற்குக் குடியரசுத் தலைவர் வரை போயாக வேண்டும். "மசோதா நிறைவேறியது" என்ற தலைப்பைப் படித்துவிட்டு மறுநாளே சட்டம் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்று அடுக்குக்கும் கீழே உள்ளாட்சி இருக்கிறது. தெருவிளக்கு, சாக்கடை மூடி, தெரு நாய், குப்பை எல்லாம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு. இருட்டான தெருவில் சங்கிலி பறிபோனால் திருடனைப் பிடிப்பது போலீஸ், விளக்குப் போடுவது உள்ளாட்சி. எம்எல்ஏ இரண்டும் இல்லை.

'சட்டம் ஒழுங்கு' வேறு, 'பொது ஒழுங்கு' வேறு

மேடைப் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றுபோல் புழங்குகின்றன. நீதிமன்றத்தில் அப்படி இல்லை. ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம் ஒரு படம் போட்டுக் காட்டியது போல விளக்கியது: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. இரண்டு பேர் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் அது வெளி வட்டம். அந்தச் சண்டை ஊர்க் கலவரமாக மாறி, மக்கள் கடையை அடைத்துவிட்டு ஓடினால் அடுத்த வட்டத்துக்குள் நுழைகிறது.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் இந்த இரண்டாவது வட்டத்துக்கானது. விசாரணை இல்லாமலே ஒருவரை 12 மாதம் வரை அடைத்து வைக்க அது இடம் கொடுக்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர் என்று தொடங்கிய பட்டியலில் பின்னாளில் திருட்டு விசிடி, மணல் கடத்தல், பாலியல் குற்றம், சைபர் குற்றம் எல்லாம் சேர்ந்துகொண்டன. "அவனைக் குண்டாஸில் போடுங்கள்" என்பது மறியல்களில் கேட்கும் வழக்கமான கோரிக்கை. சாதாரண அடிதடியை இந்தச் சட்டத்துக்குள் திணித்தால் உயர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிற்காது. ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். அப்புறம் "போலீஸ் சரியில்லை" என்று இன்னொரு மறியல். கூட்டத்தைச் சமாதானப்படுத்த எம்எல்ஏ ஒருவர் அந்த வாக்குறுதியைக் கொடுத்தால், தன் கையில் இல்லாத ஒன்றைத்தான் அவர் கொடுக்கிறார்.

ஆய்வாளருக்கு வரும் போன்

வழக்குப் பதிவதும், புலன் விசாரணை நடத்துவதும், கைது செய்வதும் சட்டம் காவல் அதிகாரிக்கு நேரடியாகக் கொடுத்திருக்கும் வேலை. இடையில் எம்எல்ஏவுக்கு நாற்காலி கிடையாது. "புகாரைப் பதிவு செய்யுங்கள்" என்று அவர் கேட்கலாம். எந்தக் குடிமகனும் கேட்கலாம். "அவன் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் அது குறுக்கீடு.

இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வழக்கு இருக்கிறது. விதர்பா பகுதியில் ஒரு எம்எல்ஏவின் குடும்பத்தார் மேல் விவசாயிகள் கந்துவட்டிப் புகார் கொடுக்கப் போனார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் வரும் புகார்களைச் சாதாரணமாகப் பதியாமல் தனி வழியில் அனுப்பும்படி அப்போதைய முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கின் அலுவலகத்திலிருந்து அறிவுறுத்தல் போயிருந்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, மாநில அரசுக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. முதல்வருக்கே இல்லாத அதிகாரம் தொகுதி உறுப்பினருக்கு எங்கிருந்து வரும்?

சரி, காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால்? சட்டமே படிக்கட்டுகளைக் காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதற்கானது.

1. எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் பாடு.

2. நிலையத்தில் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

3. அங்கேயும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம்.

எம்எல்ஏவின் லெட்டர்பேடு இந்தப் படிக்கட்டில் எங்குமே இல்லை. இருந்தும் ஜனங்கள் அதைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு போனால் நிலையத்தில் உட்காரச் சொல்கிறார்கள். இது சட்டத்தின் குறைபாடு அல்ல, நடைமுறையின் அவலம்.

இடமாறுதல் விஷயமும் இதேபோலத்தான். அரசியல் தலையீட்டைக் குறைக்கத்தான் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளைகள் போட்டது: மாநிலப் பாதுகாப்பு ஆணையம், இடமாறுதலை முடிவு செய்ய அதிகாரிகள் அடங்கிய வாரியம், காவல் துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு. தமிழ்நாடு 2013இல் காவல் துறைச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆய்வாளர்கள் எப்படிக் கூட்டம் கூட்டமாக ஊர் மாறுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

அவைக்குள் இருக்கும் ஆயுதங்கள்

அப்படியானால் 234 பேரில் ஒருவர் உண்மையிலேயே செய்யக்கூடியது என்ன?

1. சட்டம். தனிநபர் மசோதா கொண்டுவர ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு. நடைமுறையில் நிறைவேறுவது எல்லாம் அரசு மசோதாதான். உறுப்பினரின் பங்கு, பிரச்சினையை அரசு கையில் எடுக்கும் வரை பேசிக்கொண்டே இருப்பதும், விவாதத்தில் ஓட்டைகளைக் காட்டுவதும். இந்தப் பாதை எவ்வளவு மேடும் பள்ளமுமானது என்பதற்கு இணைய ரம்மி நல்ல சாட்சி. கடனில் விழுந்தவர்கள் உயிரை விட்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2021இல் கொண்டுவந்த முதல் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022 அக்டோபர் 19 அன்று புதிய மசோதாவை அவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று அவை மறுபடியும் அதை நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக ஒன்றியமே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு தொகுதிக்காரர் "என் ஊரில் ரம்மியால் ஒருவர் செத்துப்போனார்" என்று அவையில் சொன்னதற்கும், சட்டம் நிலைபெறுவதற்கும் நடுவில் இத்தனை கதவுகள்.

2. மானியக் கோரிக்கை. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை அவையிடம் கேட்க வேண்டும். காவல் துறையின் கோரிக்கை எண் 22. அதோடு கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தருவார்கள். காவல் நிலையங்கள், பணியாளர்கள், குற்றக் கணக்கு, திட்டங்கள் எல்லாம் அதில் இருக்கும். மேடையில் புள்ளிவிவரம் பேசும் யாரும் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம் இதுதான், புரட்டுபவர்கள்தான் குறைவு. எதிர்ப்பைக் காட்ட உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். "100 ரூபாயைக் குறைக்க வேண்டும்" என்பது அதன் வடிவம். நூறு ரூபாயால் ஒன்றும் ஆகாது, குறையைப் பதிவு செய்வதற்கான சாக்கு அது. காவல் துறை பெரும்பாலும் முதல்வரிடமே இருப்பதால் இந்த விவாதத்துக்குப் பதில் சொல்பவரும் அவரே. புதிய காவல் நிலையம், உட்கோட்டம், குடியிருப்பு போன்ற அறிவிப்புகள் வரும் நாளும் அதுதான். தன் ஊருக்குக் காவல் நிலையம் வேண்டும் என்று நினைக்கும் எம்எல்ஏ அந்த நாளுக்குப் பல மாதம் முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு நாளில் எழுந்து கேட்பவருக்குக் கிடைப்பது கைதட்டல் மட்டும்.

3. கேள்வி. அவையின் முதல் மணி நேரம் கேள்வி நேரம். இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

'ஆவன செய்யப்படும்'

சட்டமன்றக் கேள்விக்கு என்று ஒரு மொழிநடை உண்டு. "இன்ன தொகுதி, இன்ன பேரூராட்சியில் தீயணைப்பு நிலையம் அமைக்க அரசு முன்வருமா?" இதற்கு அமைச்சர்கள் சொல்லும் பதில்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவற்றின் உட்பொருள் தெரியும்.

"அத்தகைய கருத்துரு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை." மாவட்டத்திலிருந்து கோப்பே மேலே வரவில்லை என்று பொருள். எம்எல்ஏ திரும்பிப் போய் முதலில் அந்தக் கோப்பை நகர்த்த வேண்டும். பலர் இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது வழி காட்டும் பதில்.

"நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." கொள்கையளவில் சரி, பணம் இல்லை. அடுத்த மானியக் கோரிக்கைக்குள் முன்னுரிமைப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

"ஆவன செய்யப்படும்." கேட்க இதமாக இருக்கும். எப்போது, யார் என்ற இரண்டும் அதில் இருக்காது.

முதல் பதிலுக்குப் பிறகு துணைக் கேள்வி கேட்க முடியும் என்பதுதான் இதில் முக்கியம். "எந்த மாதத்துக்குள்?" என்று ஒரு துணைக் கேள்வி போட்டு அமைச்சர் வாயிலிருந்து தேதி வாங்கிவிட்டால், அது உறுதிமொழியாகிவிடும். அவையில் அமைச்சர்கள் கொடுக்கும் வாக்குகள் நிறைவேறினவா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேராக மனு அனுப்ப மனுக்கள் குழு இருக்கிறது. அது மாவட்டங்களுக்கு வந்து இடத்தைப் பார்த்து, அதிகாரிகளை உட்கார வைத்து விசாரிக்கும். அவை விவாதத்தில் யார் யாரை வெளியேற்றினார்கள் என்பது முதல் பக்கத்தில் வரும். குழு ஒன்று ஒரு பாலத்தடியில் நின்று பொறியாளரைக் கேள்வி கேட்டது மாவட்டப் பக்கத்தில் மூன்று வரி. பலன் என்னவோ அந்த மூன்று வரியில்தான் அதிகம்.

அவையில் பேசியதற்காக உறுப்பினர் மேல் வழக்குப் போட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 194ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு அது. காவல் துறையின் தவறை வெளிப்படையாகச் சொல்ல இந்தப் பாதுகாப்பு உண்மையிலேயே உதவும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு பேசினாலோ ஓட்டுப் போட்டாலோ இந்தக் கவசம் காக்காது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கை அவையில் விவாதிக்கக் கூடாது என்ற மரபும் இருக்கிறது. பெரிய சம்பவங்கள் உடனே நீதிமன்றத்துக்குப் போய்விடுவதால், அவற்றைப் பேசவே முடியாமல் போவதும் உண்டு.

இதோடு சட்டமன்ற நடைமுறை விதிகளில் 110ஆவது விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விதியின் கீழ் அமைச்சர் ஒரு அறிக்கையை வாசித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. அறிவிப்புக்கு வசதி, கேள்விக்கு வசதி இல்லை. போதாக்குறைக்கு அவை கூடும் நாட்களே குறைவு. ஆண்டுக்கு 100 நாள் அவையை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. நடந்த நாட்கள் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவைதான் எம்எல்ஏவின் பலம் என்றால், அவை கூடாத மாதங்களில் அவர் லெட்டர்பேடு வைத்திருக்கும் ஒரு குடிமகன்தான்.

3 கோடி ரூபாய்

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. இந்தப் பணம் அவர் கைக்கு வராது. எந்த வேலை என்று அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார், துறை செய்து முடிக்கும்.

2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கும் மேலான வாக்காளர்கள், சென்னை துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டு தொகுதி எம்எல்ஏக்களுக்கும் அதே 3 கோடி. புறநகரில் வீடுகள் முளைக்கும் வேகத்துக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு?

பாதுகாப்பு என்ற பெயரில் இந்த நிதி அதிகம் போகும் இடங்களில் கண்காணிப்புக் கேமராவும் உயர்கோபுர விளக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியும், பெயர்ப் பலகை வைக்கலாம். சிக்கல் அடுத்த வருடம் வரும். கேமராவின் பதிவுப் பெட்டி பழுதானால் யார் சரிசெய்வது, விளக்கின் மின்கட்டணத்தை யார் கட்டுவது? நிதி பொருளை வாங்கிக் கொடுக்கும், பராமரிக்காது. கேமராவுக்குப் பரிந்துரை எழுதும்போதே, பராமரிப்பை ஏற்கிறோம் என்று உள்ளாட்சியிடமோ காவல் துறையிடமோ எழுத்தில் வாங்காத எம்எல்ஏ, கம்பத்தில் தொங்கும் ஒரு பொம்மையைத்தான் ஊருக்குக் கொடுக்கிறார்.

2022 ஆகஸ்டில் 234 உறுப்பினர்களிடமும் அவரவர் தொகுதியில் தீர்க்கப்படாத 10 முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரச் சொன்னார் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின். எதிர்க்கட்சியினருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. 3 கோடிக்குள் அடங்காத பாலமும் மருத்துவமனையும் அந்தப் பட்டியல்களில் ஏறின. கட்சி பார்க்காத இந்த மாதிரி ஏற்பாடுகள் தொகுதி நிதியைவிடப் பயனுள்ளவை என்பது என் எண்ணம்.

ஒரு வேகத்தடையின் கதை

மேலே சொன்னதெல்லாம் தரையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, மிகச் சிறிய ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும்.

முதலில் அது யாருடைய சாலை? பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சளாக இருந்தால் அங்கே வேகத்தடைக்கே இடமில்லை. சுரங்கப்பாதை, நடைமேம்பாலம், சிக்னல் என்று வேறு தீர்வு கேட்க வேண்டும், அதுவும் ஒன்றியத்தின் கதவைத் தட்டி. அங்கே எம்பியின் கடிதம் எம்எல்ஏவின் கடிதத்தைவிடப் பயன்படும். பச்சை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். ஊர்ச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ.

அடுத்தது, காரணம். "வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்று எழுதினால் மனு கட்டுக்குள் போய்விடும். அந்த இடத்தில் நடந்த விபத்துகளின் முதல் தகவல் அறிக்கை எண்களோடு எழுதினால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் அதைத் தள்ளிவைப்பது கஷ்டம். எம்எல்ஏ உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை இங்கேதான். எண்களைத் திரட்டி, கூட்டப் பொருளில் ஏற்றி, கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் என்று கேட்டு வாங்குவது.

அப்புறம் அளவு. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., வண்டி ஏறி இறங்கும் திசையில் அகலம் 3.7 மீட்டர். ஒரு கார் கிட்டத்தட்ட முழுசாக அதன் மேல் நிற்கலாம், அவ்வளவு சாய்வான மேடு. மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் தாண்டுவதற்கான கணக்கு அது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், மேலே வெள்ளைக் கோடுகளும் வேண்டும். நம் தெருக்களில் பார்ப்பது என்ன? மறியல் முடிந்த இரவே மீதித் தாரைக் கொட்டி, ஒரு முழ அகலத்தில் எழுப்பிய கரடு. கோடு இல்லை, விளக்கு இல்லை. பகலில் பள்ளிப் பிள்ளையைக் காப்பாற்றும் அதே மேடு, ராத்திரி பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மாவைத் தூக்கி எறிகிறது. "எம்எல்ஏ சொன்னதும் ஒரே நாளில் வேகத்தடை வந்துவிட்டது" என்று வாழ்த்துப் பதாகை வைத்தால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது நல்லது.

டாஸ்மாக் கடை

ஊர்ப் பாதுகாப்பு என்று எம்எல்ஏக்களிடம் வரும் கோரிக்கைகளில் இது தவறாமல் இருக்கும். விதிப்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். தூரம் மீறியிருந்தால் ஆட்சியரிடம் வலுவான வழக்கு இருக்கிறது. தூரம் சரியாக இருந்து, "பெண்கள் நடக்க முடியவில்லை" என்பதுதான் குறை என்றால் அது கொள்கை விஷயம். கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆனால் அது மட்டுமே கடையை மூடிவிடாது.

அவையின் வழியாக இது நடந்ததும் உண்டு. 2023 ஏப்ரலில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை மானியக் கோரிக்கையின்போது 500 கடைகள் மூடப்படும் என்று அறிவித்தார்கள். ஜூன் 22 அன்று மூடினார்கள். அந்த 500இல் தன் தொகுதிக் கடை இடம்பெற, எந்தக் கடை எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் என்ற விவரத்தோடு போனவருக்கும், "என் தொகுதியிலும் மூடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டவருக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது அவை நடந்துகொண்டிருந்தது. அதே மாதம் 29ஆம் தேதி, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கினார்கள். சில நாட்களில் ஒரு சட்டம் மாறியது. ஆனால் சாராயம் விற்ற இடம் ஊருக்கே தெரிந்த இடம். தண்டனையின் அளவு அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. தெரிந்தும் யாரும் போகவில்லை என்பதுதான் பிரச்சினை. உள்துறையும் மதுவிலக்கும் ஒரே செயலாளரின் கீழ் 'உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை' என்று ஒரே பெயர்ப் பலகையில் இருப்பதைக் கவனித்தால் இது இன்னும் உறுத்தும்.

உள்ளாட்சி காலியாக இருக்கும்போது

இத்தனை சொல்லியும் தெருவிளக்குக்கு எம்எல்ஏ வீட்டு வாசலில் ஏன் கூட்டம் நிற்கிறது என்ற கேள்விக்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. எரியாத விளக்கைப் பற்றிச் சொல்ல ஊருக்குள் ஓட்டு வாங்கிய ஆள் ஒருவரும் இல்லை என்றால், ஜனங்கள் அடுத்து தெரிந்த முகத்திடம்தான் போவார்கள். அந்த முகம் எம்எல்ஏ. அவர் வட்டார வளர்ச்சி அலுவலரைக் கூப்பிட்டுச் சொல்கிறார், விளக்கு எரிகிறது, இருவருக்கும் சந்தோஷம். அந்த நேரத்தில் சட்டமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமல் போகிறது: ஊரக உள்ளாட்சித் தேர்தலை எந்தத் தேதிக்குள் நடத்துவீர்கள்?